வாயில்லா ஜீவனின் கடைசி நாட்கள்

“இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று கால்நடை மருத்துவர் சொன்ன அன்று இரவே கிறிஸ்தவ வீடுகளில் மூன்று கேள்விகள் எழும். இதற்காக ஜெபிக்கலாமா? ஊசி போட்டு முடித்துவிடுவது பாவமா? இது பரலோகத்துக்குப் போகுமா? மூன்றும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் மூன்றாவதுதான் முந்திக்கொண்டு வந்து உட்காரும். அதைப் பேசி முடிப்பதற்குள் மூலையில் படுத்திருக்கும் ஜீவனுக்கு நாக்கு வறண்டிருக்கும், ஒரே பக்கமாகப் படுத்து இடுப்பெலும்பு உறுத்தும் இடம் சிவந்திருக்கும்.

வேதம் இந்த வரிசையை மாற்றிப் போடுகிறது. செத்தபின் மிருகத்துக்கு என்ன ஆகும் என்பதைப் பற்றி அது குறைவாகவே பேசுகிறது. உயிரோடு இருக்கையில் அதை எப்படி நடத்த வேண்டும் என்பதில் அதற்குத் தயக்கமே இல்லை. அதனால் இங்கும் முதலில் படுக்கை, பிறகு முடிவு, பிறகு மண், அதற்கப்புறம்தான் பரலோகம்.

அதற்கும் முன் ஒன்று. “நாய்க்குப் போய் இவ்வளவு அழுகையா, மனுஷர் செத்தால் என்ன செய்வாய்?” என்று சபையிலேயே யாராவது கேட்பார்கள். கேட்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அவர் வீட்டில் அப்படியொரு ஜீவன் இருந்ததில்லை, அவ்வளவுதான். 2 சாமுவேல் 12ஆம் அதிகாரத்தில் நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் சொல்லும் உவமையைத் திறந்து பாருங்கள். ஏழையின் ஆட்டுக்குட்டி அவன் வாயின் அப்பத்தைத் தின்று, அவன் பாத்திரத்திலே குடித்து, அவன் மடியிலே படுத்து, அவனுக்கு ஒரு மகளைப்போல இருந்தது என்கிறது 3ஆம் வசனம். அந்தப் பாசத்தை நாத்தான் கேலி செய்யவில்லை. அளவு மீறியது என்று திருத்தவும் இல்லை. ராஜாவின் மனச்சாட்சியில் தைக்க அவர் எடுத்த முள்ளே அதுதான். மடியில் வைத்து வளர்த்ததற்காக அழுகிறவர்கள் இந்த ஒரு வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டால் போதும். யாரிடமும் வாதாட வேண்டாம்.

ஜீவனை அறிகிறவன்

“நீதிமான் தன் மிருகஜீவனைக் காப்பாற்றுகிறான்” என்பது நீதிமொழிகள் 12:10. எபிரெய மூலத்தில் ‘காப்பாற்றுகிறான்’ என்ற இடத்தில் உள்ள சொல்லுக்கு ‘அறிகிறான்’ என்று பொருள். நீதிமான் தன் மிருகத்தின் ஜீவனை அறிகிறான். கடைசி நாட்களில் இந்த அறிதல் மிக நடைமுறையான வேலை. ஒரு நோட்டு, ஒரு பேனா, கைக்கடிகாரம் போதும்.

முதலில் மூச்சு. தூங்கும்போது எண்ண வேண்டும். விழித்திருக்கும்போதோ வாய் திறந்து இளைக்கும்போதோ எண்ணினால் கணக்கு தப்பும். மார்பு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நாய்க்கும் பூனைக்கும் உறக்கத்தில் நிமிடத்துக்கு 15 முதல் 30 வரை இயல்பு. தொடர்ந்து 30ஐத் தாண்டினால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இதய நோயுள்ள பிராணிக்கு நுரையீரலில் நீர் சேர்வதை இந்த எண்ணிக்கைதான் பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுக்கும். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் காத்திருக்கவே கூடாது.

அடுத்து ஈறு. மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 வினாடிக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். ஈறு வெளிறியோ நீலம் பாய்ந்தோ இருந்தால் ரத்தமோ உயிர்வளியோ போதவில்லை. தொட்டால் பசைபோல ஒட்டினால் உடலில் நீர் வற்றுகிறது. கறுப்பு ஈறுள்ள பிராணிக்குக் கண்ணின் கீழ் இமையை லேசாக இழுத்து உட்பக்கத்து நிறத்தைப் பாருங்கள்.

வலியை அறிவதுதான் கடினம். மிருகங்கள் வலியை மறைக்கும். வாலாட்டுவதால் வலியில்லை என்று அர்த்தமில்லை. உங்களைக் கண்டதும் நாய் வாலாட்டாமல் இருக்காது. பூனை வலியிலும் குறுகுறுவென்று ஒலியெழுப்பும். அதைவிட நம்பகமான அடையாளங்கள் உண்டு: இரவில் இடம் மாறி மாறிப் படுப்பது, வெக்கை இல்லாமலே இளைப்பது, முதுகைக் கூனி உட்காருவது, கண்ணைச் சுருக்குவது, பூனை தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்துவது, ஒரே இடத்தை ஓயாமல் நக்குவது, தொட்ட இடத்தில் தோல் துடிப்பது.

இவற்றையெல்லாம் ஒரே மதிப்பீட்டில் கொண்டுவர ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஓர் அளவுகோல் வகுத்தார். வலி (மூச்சுச் சிரமமும் இதில் அடங்கும்), பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்ற ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். மொத்தம் 70இல் 35க்கு மேல் இருந்தால் வீட்டுப் பராமரிப்பைத் தொடரலாம். இதை வீட்டில் இரண்டு பேர், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், தினமும் ஒரே நேரத்தில் போடுவது நல்லது. அதிகம் நேசிக்கிறவர் அதிகமாகப் போடுவார். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் அது தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: மொத்தக் கூட்டலை மட்டும் பார்க்காதீர்கள். மூச்சுத் திணறலோ அடங்காத வலியோ இருந்தால் மற்ற ஆறிலும் 8 வாங்கினாலும் பயனில்லை. மூச்சு என்பது ஏழில் வெறும் ஒன்று அல்ல, மற்ற ஆறுக்கும் அடித்தளம்.

படுக்கையும் பக்குவமும்

எழ முடியாத பிராணிக்கு மெத்தை எவ்வளவு தடிமன் வேண்டும்? முழங்கையை ஊன்றினால் தரை தட்டக்கூடாது. அதன்மேல் நீர் இறங்காத விரிப்பு, அதன்மேல் ஈரம் உறிஞ்சும் விரிப்பு, மேலே பழைய பருத்தித் துணி. இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் தோள், இடுப்பு, முழங்கை, கணுக்கால் எலும்புகள் அழுத்தும் இடத்தில் தோல் செத்துப் புண்ணாகும். அடியில் இருக்கும் நுரையீரலிலும் சளி தேங்கும். மல்லாக்கப் புரட்டாதீர்கள். கால்களை வயிற்றுக்கடியில் மடக்கி, நெஞ்சின்மேல் உட்கார வைப்பதுபோல் நிமிர்த்தி, அப்படியே மறுபக்கம் சாய்த்தால் மூச்சு முட்டாது.

சிறுநீர் நனைத்த முடியை வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, முழுக்கக் காயவிட வேண்டும். ஈரமும் மலமும் உள்ள இடத்தில் ஈ உட்கார்ந்தால் ஒரே நாளில் புழு வைக்கும். வாலின் அடியை தினமும் இரண்டு முறை விலக்கிப் பாருங்கள். குழந்தைகளுக்குப் பூசும் துத்தநாகக் களிம்பை இங்கே எடுக்கக் கூடாது. நாய் அதை நக்கி விழுங்கினால் துத்தநாகம் நஞ்சாகும்.

உணவை உடல் சூட்டுக்குச் சற்றே சூடாக்கினால் வாசனை எழும். பசியில்லாத வாயும் சில நேரம் திறக்கும். கையில் வைத்து நீட்டுங்கள், திணிக்காதீர்கள். இன்னும் குணமாகும் வாய்ப்புள்ள பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து அதுவே ஒரு நோயாகும், மருத்துவரிடம் போக வேண்டும். ஆனால் முடிவு நெருங்கிய உடல் உணவை மறுப்பது வேறு. அது பட்டினி கிடக்கவில்லை. உடல் தன் வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வருகிறது. அப்போது ஊசியில்லாத சிரிஞ்சில் கஞ்சியை வாயில் அடிப்பவர்கள் பாசத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் அது நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சலை உண்டாக்கும். தண்ணீரும் அப்படியே. தலையை அண்ணாத்தாமல், கன்னத்தின் ஓரமாக ஒரு மில்லி விட்டு, விழுங்குகிறதா என்று பாருங்கள். விழுங்காவிட்டால் நிறுத்திவிட்டு, நனைத்த துணியால் ஈறையும் நாக்கையும் ஒற்றிவிடுங்கள். அது போதும்.

வலிக்கு மனிதர் மாத்திரை எதையும் கொடுக்கக் கூடாது. பாராசிட்டமால் ஒரே மாத்திரையில் பூனையைக் கொல்லும். அதைச் சிதைக்கும் திறன் அதன் ஈரலுக்கு இல்லை. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை நாயின் இரைப்பையில் ரத்தம் கசிய வைத்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். முன்பே ஸ்டீராய்டு போய்க்கொண்டிருந்தால் ஆபத்து இரட்டிப்பு.

இங்கே கிறிஸ்தவ வீடுகளுக்கென்றே ஒரு எச்சரிக்கை. அபிஷேக எண்ணெய் பூசி ஜெபிக்கும் வழக்கமுள்ளவர்கள் வாசனை எண்ணெயைப் பூனையின் தலையில் பூசாதீர்கள். நக்கிச் சுத்தம் செய்யும் ஜீவன் அது. பல நறுமண எண்ணெய்கள் அதற்கு விஷம். யாக்கோபு 5:14 சொல்லும் எண்ணெய் சபையிலுள்ள மனிதருக்கு. பிராணியின்மேல் வெறும் கையை வைத்தாலே அதற்குப் புரியும். அதேபோல் பத்துப் பேர் சூழ்ந்து கைதட்டிச் சத்தமாய் ஜெபிப்பதும் வேண்டாம். நோயுற்ற நாயின் காதுக்கு அது இடிமுழக்கம். ஓடி ஒளியக் கால் இல்லாத நேரத்தில் இடிமுழக்கம்.

எதற்காக ஜெபிப்பது

குணமாக்கும்படி கேட்கலாம், தடையில்லை. “கர்த்தாவே, மனுஷரையும் மிருகங்களையும் காப்பாற்றுகிறீர்” என்று சங்கீதம் 36:6 ஒரே மூச்சில் சொல்கிறது. தவறு நேர்வது வேறு இடத்தில். விசுவாசத்தைக் காட்டுவதாக நினைத்து வலி மருந்தை நிறுத்துவார்கள். அல்லது “இவனைப் பிழைக்க வைத்தால் இதைச் செய்கிறேன்” என்று பொருத்தனை பண்ணுவார்கள். பிராணி இறந்ததும் கொடுக்கல் வாங்கல் முறிந்ததுபோல ஆண்டவரிடம் மனம் கசந்துவிடும். உங்கள் விசுவாசக் குறைவுக்காக ஒரு நாயை வலியில் கிடத்துகிற தேவன் அவர் அல்ல. நினிவேயைத் தப்பவிட்டதற்குக் காரணம் சொல்லும்போது “அநேக மிருகஜீவன்களும்” என்று கணக்கில் சேர்த்துக்கொண்டவர் அவர் (யோனா 4:11).

குணம் கேட்பதோடு நிற்காமல், குறிப்பாகக் கேளுங்கள்: மூச்சு எளிதாக வேண்டும், வலி தெரிய வேண்டிய நேரத்தில் எங்களுக்குத் தெரிய வேண்டும், முடிவெடுக்கும்போது வீட்டில் சண்டை வரக்கூடாது, ஊசி போட மருத்துவரின் கைக்கு ரத்தநாளம் கிடைக்க வேண்டும். சொற்கள் வராவிட்டால் இப்படிச் சொல்லலாம்: “ஆண்டவரே, இது உம்முடையது. கொஞ்ச நாள் எங்கள் கையில் கொடுத்தீர், நன்றி. இதன் வேதனையை நாங்கள் நீட்டிவிடாதபடி எங்களைக் காத்தருளும். எங்கள் கை விடும் இடத்தில் உமது கை இருப்பதாக. ஆமென்.”

கத்தோலிக்கர்கள் பங்குத்தந்தையிடம் விலங்குகளுக்கான ஆசீர் கேட்கலாம். அசிசியின் பிரான்சிஸ் திருநாளான அக்டோபர் 4ஐ ஒட்டிப் பல ஆலயங்களில் அது நடக்கும். அதுவரை பிராணி தாங்காது என்றால் முன்னதாகவே கேட்டுப் பாருங்கள். திருமுழுக்கோ நோயில் பூசுதலோ கேட்காதீர்கள். அருட்சாதனங்கள் மனிதருக்குரியவை, மறுக்கும் நிலைக்கு அவரைத் தள்ள வேண்டாம்.

‘கொலை’ என்ற சொல்

தமிழில் இந்த முடிவை இன்னும் கனமாக்குவது நம் சொல். கருணைக்கொலை. ‘கருணை’ காதில் விழுவதற்குள் ‘கொலை’ விழுந்துவிடுகிறது. உடனே “கொலை செய்யாதிருப்பாயாக” என்ற கட்டளை நினைவுக்கு வருகிறது. ஆனால் யாத்திராகமம் 20:13இல் உள்ள எபிரெயச் சொல் மனிதனை மனிதன் கொல்வதைக் குறிப்பது. ஆடுமாடுகளை அறுப்பதற்கும் பலியிடுவதற்கும் வேறு சொற்கள் உள்ளன. மனிதனின் ரத்தத்துக்கு ஆதியாகமம் 9:6 சொல்லும் காரணம், அவன் தேவசாயலில் உண்டாக்கப்பட்டவன் என்பது. அதனால் மனிதரின் கருணைக்கொலையைச் சபைகள் எதிர்க்கும் வாதத்தை அப்படியே தூக்கி நாய்க்கும் பூனைக்கும் பொருத்த முடியாது. கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி 2418ஆம் எண்ணில் விலங்குகளைத் தேவையில்லாமல் துன்புறுத்துவதும் தேவையில்லாமல் கொல்வதும் மனித மாண்புக்கு முரண் என்கிறது. இந்த முடிவில் அழுத்தம் விழ வேண்டிய சொல் அந்தத் ‘தேவையில்லாமல்’தான். குணமாகாத நோய், அடங்காத வலி, திணறும் மூச்சு ஆகியவற்றுக்கு முன் எடுக்கும் முடிவு தேவையில்லாததன் பட்டியலில் வராது.

ஊசிதான் போட வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. வீட்டிலேயே இயல்பாகப் பிரியட்டும் என்று நினைப்பவர்கள் நினைக்கலாம், ஒரே நிபந்தனையோடு: வலி மருந்து கையில் இருக்க வேண்டும், இரவில் அழைக்க ஒரு மருத்துவர் இருக்க வேண்டும். ‘இயற்கை மரணம்’ என்ற சொல்லில் ஒரு மென்மை இருக்கிறது. எல்லா நோயிலும் அந்த மென்மை இருப்பதில்லை. இதயம் செயலிழந்து நுரையீரலில் நீர் நிறையும் மரணம், நீரில் மூழ்குவதைப் போன்றது. சிறுநீரகம் முற்றாகக் கெட்ட பூனை வாய்ப்புண்ணோடும் வாந்தியோடும் நாட்கணக்கில் கிடக்கும், சிலவற்றுக்கு வலிப்பும் வரும். அதை மருந்தில்லாமல் பார்த்துக்கொண்டு “கர்த்தர் சித்தப்படி ஆகட்டும்” என்பது பக்தி ஆகாது. ஓய்வுநாளில் குழியில் விழுந்த ஆட்டைத் தூக்கிவிடாதவன் யார் என்று கேட்டவர் (மத்தேயு 12:11) நம்மிடமும் அதையேதான் கேட்பார்.

எப்போது என்பதற்குக் கால்நடை மருத்துவர்களிடம் ஒரு பேச்சு உண்டு: ஒரு நாள் பிந்துவதைவிட ஒரு வாரம் முந்துவது மேல். நல்ல வழி, பிராணி நன்றாக இருக்கும் இப்போதே அதற்குப் பிடித்த ஐந்து விஷயங்களை எழுதி வைப்பது. வாசலில் வெயில் காய்வது, பந்து, குறிப்பிட்ட ஒருவர் வரும்போது எழுந்து போவது என்று எதுவாகவும் இருக்கலாம். அதில் மூன்று போய்விட்டால் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. பணம் ஒரு காரணமாக இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். சில மாதங்களே நீட்டிக்கும் அறுவைக்குக் கடன் வாங்கிப் பிள்ளைகளின் செலவில் கை வைப்பது அன்பின் அளவுகோல் அல்ல.

அந்த அரை மணி நேரம்

நாள் குறிக்கும்போதே மருத்துவரிடம் கேட்டு முடிக்க வேண்டியவை: வீட்டுக்கு வருவாரா, முதலில் மயக்க ஊசி உண்டா, உடலை யார் கொண்டுபோவது. பணத்தை முன்பே கட்டிவிடுங்கள்; அழுத முகத்தோடு கல்லாவில் நிற்கும்படி வைத்துக்கொள்ள வேண்டாம். கடைசி மருந்து பெரும்பாலும் பென்டோபார்பிட்டால் என்ற வீரியமான மயக்க மருந்து. அது கிடைக்காத இடத்தில் வேறு மருந்துகள் வரும். எதுவானாலும் ஒன்றை மட்டும் உறுதிசெய்யுங்கள்: முழு மயக்கத்துக்குப் பின்புதான் கடைசி மருந்து. பொட்டாசியம் குளோரைடு, மக்னீசியம் சல்ஃபேட் இரண்டையும் விழிப்பில் இருக்கும் பிராணிக்குச் செலுத்துவது கொடுமை. முறையான மருத்துவர் செய்யமாட்டார், ஆனாலும் கேட்பதில் தவறில்லை.

முதல் ஊசி தசையில் போகும். ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் தலை தொய்யும். சிலவற்றுக்கு ஒருமுறை வாந்தி வரலாம். பிறகு முன்னங்காலில் முடியை மழித்து ரத்தநாளத்தில் ஊசிக்குழாய் பொருத்துவார்கள். நீர் வற்றிய உடலில் ரத்தநாளம் சட்டென்று அகப்படாது, இரண்டு மூன்று இடத்தில் தேட வேண்டியிருக்கும். அது அவர் கைப்பிழை அல்ல. ரத்தநாளமே கிடைக்காவிட்டால் வயிற்றில் செலுத்துவார்கள். அதற்கு நேரம் பிடிக்கும். ரத்தநாளத்தில் போனால் அரை நிமிடத்துக்குள் நினைவு போகும், சில நிமிடங்களில் இதயம் நிற்கும்.

அதன்பின் நடப்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால்தான் பலர் பதறிப்போகிறார்கள். கண் மூடாது. இதயம் நின்றபின்னும் ஒன்றிரண்டு பெருமூச்சு வரலாம், மீசையும் தசையும் துடிக்கலாம், சிறுநீர் கழியலாம். பிராணிக்கு அப்போது எந்த உணர்வும் இல்லை. வெறும் நரம்புகளின் வேலை அது. பக்கத்தில் குழந்தைகள் இருந்தால் இதை முன்பே சொல்லிவிடுங்கள். தலைப்பக்கம் உட்கார்ந்து, வழக்கமாகக் கூப்பிடும் செல்லப் பெயரைச் சொல்லிக்கொண்டிருங்கள். வேத வசனம் சொல்ல விரும்புபவர்கள் பேச்சுக்குரலில் சொல்லலாம். “அவர் இரக்கம் அவருடைய எல்லாக் கிரியைகளின்மேலுமுள்ளது” (சங்கீதம் 145:9) என்ற ஒரு வரி போதும், அதிகாரம் முழுக்க வேண்டாம்.

வீட்டில் தானாகப் பிரியும்போது கைகால் குளிரும், மூச்சு நின்று நின்று வரும், வாய் திறந்து இழுக்கும். நின்றுவிட்டதாகத் தோன்றியபின் ஐந்து நிமிடமாவது காத்திருந்து, இடது முழங்கைக்குப் பின்னால் நெஞ்சில் கை வைத்துப் பாருங்கள். விழியைத் தொட்டால் இமைக்காதிருந்தால் முடிந்தது.

மண்

சில மணி நேரத்தில் உடல் விறைக்கத் தொடங்கும். அதற்குமுன் தூங்கும்போது சுருளுவதுபோலச் சுருட்டி வையுங்கள், இல்லாவிட்டால் குழியையோ பெட்டியையோ பெரிதாக்க வேண்டியிருக்கும். அடியில் ஈரம் உறிஞ்சும் விரிப்பு வேண்டும். வாயிலிருந்தும் பின்புறத்திலிருந்தும் நீர் கசியும். குளிர்ந்த இடம், துணி சுற்றிய பனிக்கட்டிப் பொதி, 24 மணி நேரத்துக்குள் அடக்கம் அல்லது எரியூட்டல். வீட்டில் வேறு நாயோ பூனையோ இருந்தால் உடலை முகர்ந்து பார்க்க விடுங்கள்.

புதைக்க அனுமதியுள்ள இடமாக இருந்தால், உடலுக்கு மேலே குறைந்தது 3 அடி மண் நிற்கும்படி தோண்டுங்கள். கிணற்றுக்கும் நீர்நிலைக்கும் பக்கத்தில் வேண்டாம். பிளாஸ்டிக்கில் சுற்றாதீர்கள், மண்ணோடு சேராது. பருத்தித் துணி போதும். ஆழத்தில் கஞ்சத்தனம் ஏன் கூடாது என்றால், பென்டோபார்பிட்டால் உடலிலேயே தங்கும். தோண்டித் தின்கிற நாயும் கழுகும் செத்துப்போகும். ஒரு ஜீவனுக்குக் காட்டிய இரக்கம் இன்னொன்றுக்கு விஷமாகிவிடக் கூடாது.

மனிதருக்குச் செய்யும் அடக்க ஆராதனையையோ திருப்பலியையோ இதற்கு எதிர்பார்க்க முடியாது. அமெரிக்க எபிஸ்கோப்பல் சபை 2012இல் வளர்ப்புப் பிராணியை இழந்தவர்களுக்கான ஜெபங்களை அங்கீகரித்தது. பெரும்பாலான சபைகளில் அப்படி எதுவும் கிடையாது. வீட்டார் ஐந்து நிமிடம் நின்றால் போதும். சங்கீதம் 104இல் 24 முதல் 30 வரை வாசியுங்கள். “நீர் அவைகளின் சுவாசத்தை வாங்கிக்கொள்ள, அவைகள் மாண்டு, தங்கள் மண்ணுக்குத் திரும்பும்” என்று நேராகவே பேசும் பகுதி அது. அடுத்த வசனத்தில் பூமியின் ரூபம் புதிதாகிறது. ஒவ்வொருவரும் ஒரு நன்றி, பிறகு பரமண்டல ஜெபம். போதகரை அழைக்க விரும்பினால் “அடக்கம் பண்ண வாருங்கள்” என்று சொல்லாமல் “எங்களோடு வந்து ஜெபியுங்கள்” என்று கேளுங்கள். வருவார்.

பரலோகம்

சிலர் நேரடியாக ‘மிருகத்துக்கு ஆத்துமா இல்லை’ என்று முடித்துவிடுவார்கள். தமிழ் வேதாகமம் மட்டும் படித்தால் அப்படித்தான் தோன்றும்: ஆதியாகமம் 1:24இல் மிருகங்கள் ‘ஜீவஜந்துக்கள்’, 2:7இல் மனிதன் ‘ஜீவாத்துமா’. எபிரெயத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல், நெபேஷ் ஹய்யா. அதனால் மிருகத்துக்கு நித்திய வாழ்வு உண்டு என்று ஆகிவிடாது; இல்லை என்பதை அந்தச் சொல்லை வைத்து நிரூபிக்கவும் முடியாது. மனுஷனுடைய ஆவி உயர ஏறுகிறது, மிருகத்தினுடையது பூமியில் இறங்குகிறது என்பதை அறிகிறவன் யார் என்று பிரசங்கி 3:21 கேள்வியாகவே விட்டுவிடுகிறது.

சபையின் ஆசிரியர்கள் இதில் ஒத்துப்போனதில்லை. மிருக ஆன்மா உடலோடு முடிகிறது என்றார் 13ஆம் நூற்றாண்டின் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1781இல் ரோமர் 8:19-22ஐ எடுத்துப் பிரசங்கித்து, சிருஷ்டியின் விடுதலையில் மிருகங்களுக்கும் பங்குண்டு என்றார். போப் பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடல், முடிவில்லா வாழ்வில் ஒவ்வொரு படைப்பும் ஒளியுருவாகி மனிதரோடு தன் இடத்தைப் பெறும் என்கிறது. ஆனால் ‘நாய்கள் சொர்க்கம் போகும் என்று அவர் ஒரு சிறுவனிடம் சொன்னார்’ என்று 2014இல் உலகம் முழுக்கப் பரவிய செய்தி தவறானது. இன்றும் ஆறுதல் செய்தியாக அனுப்பப்படுகிறது. வானவில் பாலத்தில் காத்திருக்கும் பிராணிகளின் கதையும் வேதத்தில் இல்லை. வேதத்தில் இருக்கும் வானவில் அதைவிடப் பெரியது: ஆதியாகமம் 9இல் அந்த உடன்படிக்கை நோவாவோடு மட்டுமல்ல, பேழையிலிருந்து வெளிவந்த சகல ஜீவஜந்துக்களோடும் செய்யப்பட்டது.

ஆக, சிருஷ்டி அழிவின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையாகும் என்பது வாக்குத்தத்தம். நம் மடியில் படுத்திருந்த அதே பூனை திரும்ப வரும் என்பது வாக்குத்தத்தம் இல்லை. வராது என்றும் சொல்லப்படவில்லை. நம்பிக்கையாக வைத்திருக்கலாம், உபதேசமாக அறிவிக்க வேண்டாம். லூக்கா 12:6இல் இயேசு குருவிகளைப் பற்றிச் சொன்னது, அவை தேவனால் மறக்கப்படுவதில்லை என்பது. மத்தேயு 10:29இல் ஒரு காசுக்கு இரண்டு குருவி; இங்கே இரண்டு காசுக்கு ஐந்து குருவி என்றால் ஐந்தாவது இனாமாகப் போட்டுக்கொடுத்தது. அதுவும் மறக்கப்படுவதில்லை.

பிள்ளை கேட்டால் “தெரியாதும்மா, படைச்சவருக்கு அது மறக்காது” என்பதே நேர்மையான பதில். “தூங்கப் போயிடுச்சு” என்று சொல்லாதீர்கள், அன்றிரவு தூங்கப் பயப்படும். “இயேசப்பா எடுத்துக்கிட்டார்” என்பதும் வேண்டாம். அடுத்து அம்மாவை எடுத்துக்கொள்வாரோ என்று அது யோசிக்கும். ‘செத்துப்போச்சு, இனி வலிக்காது, இனி வராது’ என்ற மூன்றையும் சொல்லிவிட்டு, அழ விடுங்கள்.

பிந்திய வாரங்கள்

குற்றவுணர்வு கட்டாயம் வரும். சீக்கிரம் போட்டுவிட்டோமோ, தாமதித்தோமோ என்று இரண்டும் மாறி மாறி வரும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. அப்போதுதான் அந்த நோட்டு உதவும். கடைசி வாரத்துப் பக்கங்களை எடுத்து மூச்சு எண்ணிக்கையை வாசியுங்கள். உண்மையாகவே ஏதாவது அலட்சியம் நடந்திருந்தால், அதை ஆண்டவரிடம் பெயர் சொல்லி அறிக்கை செய்து முடியுங்கள். ‘எல்லாவற்றுக்கும் மன்னியும்’ என்ற பொதுவான ஜெபத்தில் அது தீராது. பிள்ளை வியாதியாயிருந்தபோது உபவாசித்துத் தரையில் கிடந்த தாவீது, அது இறந்தபின் எழுந்து ஸ்நானம்பண்ணி, ஆலயத்துக்குப் போய்த் தொழுதுகொண்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டான் (2 சாமுவேல் 12:20). நாமும் அந்த வரிசையில் ஒரு வேளை உணவையாவது எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று வாரமாகியும் உறக்கமோ சாப்பாடோ திரும்பாவிட்டால் ஆலோசகரைப் பார்ப்பதில் வெட்கமில்லை.

மீந்த மருந்துகளை வீட்டில் வைக்காதீர்கள், மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுங்கள். வலி மருந்துகளில் சில குழந்தைகளுக்கு ஆபத்தானவை. வீட்டில் இன்னொரு பிராணி இருந்தால் இறந்ததன் படுக்கைத் துணியை உடனே துவைக்க வேண்டாம். சில நாள் அது போய் அதன்மேல் படுத்துக்கொள்ளும். படுப்பதைத் தானாக நிறுத்தியபின் துவைத்தால் போதும்.